யானை வந்தும் நெஞ்சு அடிக்கவில்லை

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கிளினிக் கொப்பி இல்லையென்றால், அவர் இன்னும் பிரசர் அளந்து பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வேன். விடியற்காலையில் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேரின் மடியில் பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் மட்டை கிழிந்த கொப்பி, பழைய ஈசிஜித் தாள், போன மாதத்துக் குளிசை உறை. என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று பதில்தான் வரும்: "பிரசருக்கு", "சீனிக்கு", "கொழுப்புக்கு". நிறத்தையும் சொல்வார்கள். பெயரைச் சொல்பவர் அபூர்வம். தனக்கு ஏன் அந்தக் குளிசை என்று சொல்லக்கூடியவர் அதைவிட அபூர்வம்.

"பிரசருக்கு" என்ற பதிலுக்குள் பல குடும்பத்துக் குளிசைகள் அடங்கிவிடுகின்றன. அதில் ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பீட்டா புளொக்கர். அட்டெனலோல், பைசோபுரோலோல், மெட்டோபுரோலோல், கார்வெடிலோல், புரோப்ரனோலோல்... பெயரின் வாலில் "லோல்" இருந்தால் அநேகமாக இந்தக் குடும்பம்தான். நான் பைசோபுரோலோல் போடுகிறேன். பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வெல்லாவெளியில் இருக்கும் என் அண்ணனும் அதையே போடுகிறார். எனக்குத் தந்த காரணம் வேறு, அவருக்குத் தந்த காரணம் வேறு. அதே வீட்டில் இருக்கும் மச்சாள், அண்ணனின் மனைவி, அதைத் தொடவே கூடாதவர். ஊர்க்கணக்கில் நாங்கள் மூன்று பேரும் பிரசர்காரர்தான்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அட்ரினலின் பாடத்தை எத்தனையோ வருடம் எடுத்திருக்கிறேன். பயமோ கோபமோ ஓட்டமோ, எது வந்தாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். அது இதயத்திலுள்ள பீட்டா வாங்கிகளில், அதாவது அதன் செய்தியை வாங்குகிற இடங்களில், போய் உட்காரும். உட்கார்ந்ததும் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். இந்தக் குளிசை செய்வது, பஸ் நிற்பதற்கு முன்னமே ஜன்னலால் லேஞ்சியை எறிந்து சீட் பிடிக்கிற வேலை. அட்ரினலின் ஏறி வந்து பார்த்தால் சீட்டில் லேஞ்சி கிடக்கும். அது நின்றுகொண்டுதான் வர வேண்டும். சிறுநீரகத்திலும் இதே வாங்கிகள் உண்டு. அங்கேயும் இடம் பிடிபட்டுவிடுவதால், பிரசரை ஏற்றிவிடும் ரெனின் சுரப்பது குறைகிறது. அதனாலும் பிரசர் இறங்குகிறது.

வாங்கிகளில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை இருக்கிறது என்று 1948இல் சொன்னவர் ரேமண்ட் அல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர். அதைப் பிடித்துக்கொண்டு மருந்து தேடியவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்கொட்லாந்துக்காரர், கிளாஸ்கோவில் மிருக வைத்தியக் கல்லூரியில் உடற்றொழிலியல் படிப்பித்தவர். அவருடைய தகப்பன் மாரடைப்பால் இறந்தவர். அந்தக் காலத்தில் இதய நெஞ்சு நோவுக்கு மருந்து தேடிய எல்லோரும் இதயத்துக்குப் போகும் இரத்தத்தைக் கூட்ட வழி பார்த்தார்கள். பிளாக் எதிர்ப்பக்கத்தால் வந்தார்: இதயத்துக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவையே குறைத்தால் என்ன? ஐசிஐ கம்பனிக்குப் போய் 1962இல் புரோனெத்தலோலைக் கொண்டுவந்தார். எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1964இல் புரோப்ரனோலோல் வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு. பரிசை விட எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான். வரவு கூடப்போவதில்லை என்று தெரிந்தால் செலவைக் குறைப்போம் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பழகிய கணக்கு. வைத்திய உலகம் அதற்கு இருபதாம் நூற்றாண்டின் பாதி தாண்டும் வரை காத்திருந்திருக்கிறது.

எனக்கு இது வந்த காரணம் படபடப்பு. பிரசரும் இருந்தது. ஆனால் பிரசர் மட்டுமென்றால் இந்தக் குளிசை தந்திருக்க மாட்டேன் என்று டொக்டர் வெளிப்படையாகவே சொன்னார். சும்மா கதிரையில் இருக்கும்போதே நாடி நூறைத் தாண்டி ஓடியது. தைரொய்ட் பார்த்தார்கள், இரத்தம் குறைவா என்று பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். அதெல்லாம் பார்த்த பிறகுதான் பைசோபுரோலோலைத் துண்டில் எழுதினார். இந்த வரிசை முக்கியம். தைரொய்ட் கூடினாலும் இதயம் ஓடும், இரத்தச்சோகை என்றாலும் ஓடும். ஏன் ஓடுகிறது என்று பார்க்காமல் ஓட்டத்தை மட்டும் நிறுத்தினால் உள்ளே இருக்கும் வருத்தம் மறைந்து கிடக்கும்.

தொடக்கத்தில் உடம்பு கொஞ்சம் முரண்டு பிடித்தது. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் ஏறும்போது கால் இரண்டும் கனத்தன. இதயம் முன்னைப்போல் துள்ளி வேகமெடுக்காததால், உழைக்கும் தசைக்கு இரத்தம் போய்ச் சேர நேரமாகிறது. மாரி காலத்தில் வாடை வீசும்போது விரல் நுனி சில்லிட்டு, சோக்கட்டியைப் பிடிக்கவே ஒரு மாதிரி இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறு தொல்லை. சூடு வெளியேறத் தோலுக்கு இரத்தம் கூடப் போக வேண்டும். இந்தக் குளிசை போடுபவர்களுக்கு அது கொஞ்சம் குறையும், வெயில் சட்டென்று களைக்க வைக்கும். கனவு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரவில் படம் ஓடுகிற மாதிரிக் கனவு வருவது கொழுப்பில் கரைந்து மூளைக்குள் போகும் புரோப்ரனோலோலுக்கு அதிகம். அட்டெனலோல் தண்ணீரில் கரைவது, அங்கே அவ்வளவாகப் போகாது. எனக்குக் கனவு வரவில்லை. வந்தால் சுவாரசியமாக இருந்திருக்கும்.

சரி, இதில் நான் எதிர்பார்க்காத விஷயம் கோபம். பாடசாலைக் கூட்டங்களில் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் எனக்கு முன்பு காது அடைக்கும், கை நடுங்கும், குரல் உடையும். இப்போது கோபம் தலைக்குள் சரியாக வருகிறது, உடம்பு மட்டும் அதில் சேருவதில்லை. வார்த்தை தடுமாறாமல் வருவதால் எதிரே இருப்பவருக்கு முன்னையை விடக் கஷ்டம். வீட்டுக்காரர் சொல்கிறார், "முந்தி நீ கோவிச்சா நான் பயப்படுவன். இப்ப நீ சிரிச்சா பயப்படுறன்" என்று. மேடையேறும் வாத்தியக்காரர்கள் சில நாடுகளில் கைநடுக்கத்துக்குப் புரோப்ரனோலோல் போட்டுக்கொள்வது பழைய சங்கதி. அம்பு எய்கிற, துப்பாக்கி சுடுகிற போட்டிகளில் பீட்டா புளொக்கர் தடை செய்யப்பட்டிருக்கிறது. நடுங்காத கையும் ஆறுதலான நாடியும் அங்கே களவாகப் பெற்ற புள்ளி ஆகிவிடும். எங்கள் ஊர் வடமோடிக் கூத்தாடிகளுக்கு இது நேர்மாறாக வேலை செய்யும். வேகமான தாளக்கட்டுக்கு ஆட வேண்டுமென்றால் நாடி ஏறியாக வேண்டும். ராசா வேடம் கட்டும் வயதான ஒருவர் கிளினிக்கில் அட்டெனலோல் தொடங்கிய பிறகு, விடியும் மட்டும் களரியில் நிற்கத் தெம்பு காணாது என்று கவலைப்பட்டார். அவர் செய்த ஒரு நல்ல காரியம், குளிசையை ஒளித்து விடாமல் போய் டொக்டரிடம் கூத்தைப் பற்றிச் சொன்னது. மாற்றிக் கொடுத்தார்கள்.

இனி அண்ணன் கதை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போனவர், படுவான்கரை விவசாயி. சில வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து தப்பினார். தப்பினாலும் இதயம் பழுதாகிவிட்டது. மல்லாந்து படுக்க முடியாது, மூன்று தலையணை வேண்டும். கால் வீங்கியது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளியே தள்ளும் இரத்தம் இருக்க வேண்டியதில் பாதியளவுதான். அவருக்கும் பைசோபுரோலோல் எழுதினார்கள். 2.5 மில்லிகிராம் குளிசையில் பாதி, அதாவது 1.25.

துண்டைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. ஏற்கெனவே பலமில்லாமல் அடிக்கிற இதயத்துக்கு, அடியைக் குறைக்கும் மருந்தா? என் பயம் புதிதல்ல. 1980களின் வைத்தியப் புத்தகங்களில் இதயம் பலவீனமானவருக்குப் பீட்டா புளொக்கர் கொடுக்கக்கூடாது என்றே இருந்தது. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற டொக்டரும் கூட்டாளிகளும் 1975இல் ஏழு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறினார்கள் என்று எழுதினார்கள். ஏழு பேரை வைத்துச் சொன்னதை உலகம் லேசில் நம்பவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இழுபட்டது. 1999இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று பைசோபுரோலோலை வைத்து, மற்றது மெட்டோபுரோலோலை வைத்து. இரண்டிலும் மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் இரண்டையும் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

காரணம் இதுதான். இதயம் தளர்ந்தவுடன் உடம்பு பயந்து அட்ரினலினையும் அதன் கூட்டாளிகளையும் விடாமல் சுரக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு அது உதவி. மாதக்கணக்கில் அதுவே இதயத் தசையைக் கொல்கிறது. அந்த விரட்டலை மறித்தால் தசை மெல்ல மெல்லத் தேறும். மெல்ல மெல்ல என்பதைத்தான் ஆட்கள் தவற விடுகிறார்கள். அண்ணனுக்கு ஆரம்பக் கிழமைகளில் களைப்பு கூடியது, குறையவில்லை. "இந்தக் குளிசை என்னைப் படுக்கையில போட்டிட்டு தங்கச்சி, நான் விடப்போறன்" என்று போனில் சொன்னார். இந்த மருந்தைத் தொடங்கும் போது அப்படித்தான் இருக்கும், நிறை பார்த்துக்கொள்ளுங்கள், சட்டென்று கூடினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வாங்க என்று கிளினிக்கில் முன்னமே சொல்லியிருந்தார்கள். அதனால் விடாமல் பிடித்தார். 1.25 பிறகு 2.5 ஆனது, இடைவெளி விட்டு 5 ஆனது. 10 வரை போகலாம், உடம்பு ஏற்றுக்கொண்டால். ஒவ்வொரு படிக்கும் நாடி, பிரசர், கால் வீக்கம் எல்லாம் பார்த்தார்கள்.

யானைக் கதை இதற்குப் பிறகு நடந்தது. கதிர் முற்றும் காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் யானை வராத இரவு குறைவு. பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அண்ணன் வயல் வேலையை விட்டிருந்தார். காவலுக்குப் பரணில் சும்மா இருக்கலாம்தானே என்று மச்சாளோடு வாதாடிப் போயிருக்கிறார். நடுச்சாமத்தில் வரம்பில் யானை. அடுத்த நாள் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தங்கச்சி, யானை கிட்டத்துல நிக்குது. எனக்குப் பயந்தான், இல்லயெண்டு சொல்லல்ல. ஆனா நெஞ்சு அடிக்கல்ல. கையும் நடுங்கல்ல. ஆறுதலா வெடியைக் கொளுத்திப் போட்டன். யானை போன மறுகாதான் யோசிச்சன், நான் செத்துத்தான் போயிட்டனோ எண்டு." என் மாணவர்களுக்கு அட்ரினலின் பாடம் எடுக்கும்போது இப்போது புத்தகத்து உதாரணத்தைச் சொல்வதில்லை.

இந்தக் குளிசையில் மிகப் பெரிய ஆபத்து அதைத் திடீரென்று நிறுத்துவதில் இருக்கிறது. நீண்ட காலம் வாங்கிகளை அடைத்து வைத்தால் இதயம் அதை ஈடுகட்டக் கூடுதலான வாங்கிகளை உண்டாக்கிக்கொள்கிறது. அன்றாடம் அடைத்து வைத்த மருந்து ஒரு நாள் இல்லாமல் போனால், அத்தனை வாங்கிகளும் வெறுமையாக நிற்க, வழக்கமான அட்ரினலினுக்கே இதயம் பேயாட்டம் ஆடும். நாடி பாயும், பிரசர் எகிறும், இதயக் குழாயில் அடைப்புள்ளவருக்கு நெஞ்சு நோவோ மாரடைப்போ வரலாம். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் டொக்டர் சொல்லும் கணக்கில் ஒன்றிரண்டு கிழமையாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

2022ஐ நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, ஆஸ்பத்திரிகளில் மருந்தும் தட்டுப்பாடு. இருக்கிறதைத் தந்துவிட்டு மற்றதை வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதினார்கள். வெளியில் விலை ஏறிக்கொண்டே போனது. பாமசியில் கார்ட்டை வெட்டி ஐந்து குளிசை, ஆறு குளிசை என்று வாங்கிப் போனவர்களைப் பார்த்தேன். இருப்பதை நீட்டிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் யோசனை அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. சிக்கனமாகத் தெரியும், ஆனால் இந்தக் குடும்பத்துக் குளிசைக்கு அது பொருந்தாது. பைசோபுரோலோலின் அரைவாசி பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். ஒருநாள் விட்டால் இதயத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து விட்டுக் கட்டுகிற கதைதான். அந்த நேரத்தில் உருப்படியான வழி ஒன்றிருந்தது: கிடைக்காத குளிசையின் பெயரோடு டொக்டரிடம் போய், இதே குடும்பத்தில் கிடைக்கிற வேறொன்றைக் கணக்குப் பார்த்து எழுதித் தரச் சொல்வது. அண்ணனுக்கு அப்படி ஒரு மாதம் கார்வெடிலோல் ஓடியது. இதயம் தளர்ந்தவருக்குப் பயன் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று. அட்டெனலோல் அந்தப் பட்டியலில் இல்லை. "லோல்" எல்லாம் ஒன்று என்று கடையில் கிடைத்ததை வாங்கிப் போட முடியாதது இதனால்தான்.

பெயர் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் மருந்தின் இரசாயனப் பெயரில் தருகிறார்கள். நாட்டில் அந்தப் பழக்கம் ஊன்றியதற்குப் பேராசிரியர் சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கைக்கு நன்றி சொல்ல வேண்டும். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் வந்ததும் அவருடைய வேலையால்தான். வெளியில் பிரைவேட்டாகக் காட்டினால் கம்பனிப் பெயரில் வரும். கிளினிக்கில் தந்த பைசோபுரோலோலையும் வெளியில் எழுதிய கொன்கோரையும் ஒன்றாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே சாமான். நாடி நாற்பதுக்கு இறங்கி, தலை சுற்றி விழுந்த பிறகுதான் தெரியவரும். இரண்டு இடத்தில் மருந்தெடுப்பவர்கள் இரண்டு இடத்து உறைகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்டினால் இந்த வம்பில்லை.

மச்சாளுக்கு வருவோம். அவருக்கு இழுப்பு, சின்ன வயதிலிருந்தே. பிரசரும் இருக்கிறது, அதற்கு வேறு குடும்பத்துக் குளிசை. ஒருநாள் நான் போயிருந்தபோது படபடப்பென்று சொல்லிவிட்டு அண்ணனின் குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்தார். "மச்சாள், இதுல பாதியைப் போட்டா என்ன? அவருக்கு யானைக்கே நெஞ்சு அடிக்கல்லயே" என்றார். நான் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். மூச்சுக் குழாயிலும் பீட்டா வாங்கிகள் உண்டு, பீட்டா இரண்டு என்ற வகை. குழாயை விரித்து வைத்திருப்பது அவைதான். பைசோபுரோலோலும் அட்டெனலோலும் பெரும்பாலும் இதயத்து வாங்கிகளைத்தான் தேடிப் போகும், ஆனால் முழுக்க அங்கேயே நிற்கும் என்று உத்தரவாதமில்லை. புரோப்ரனோலோல் இரண்டையும் ஒரேயடியாக அடைக்கும். இழுப்புக்காரருக்கு அது ஒரு குளிசையே உயிருக்கு ஆபத்தாகலாம். அதைவிட, அப்போது மூச்சைத் திறக்க அடிக்கிற நீலப் பம்ப் வேலை செய்வதும் அதே பீட்டா வாங்கிகளில்தான். இடம் அடைபட்டால் பம்பும் எடுபடாது.

அப்புறம் விசாரித்துப் பார்த்தால் மச்சாளின் படபடப்புக்குக் காரணமே அந்தப் பம்ப். மாரி தொடங்கியதும் இழுப்புக் கூடி, நினைத்த நேரமெல்லாம் அடித்திருக்கிறார். அதிலுள்ள சல்பியூட்டமோல் அளவுக்கு மீறினால் இதயத்து வாங்கிகளையும் தட்டி எழுப்பும், கை நடுங்கும். அவருக்கு வேண்டியிருந்தது தினமும் எடுக்கிற தடுப்புப் பம்ப். அது தொடங்கியதும் நீலப் பம்பின் தேவை குறைந்து, படபடப்பும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்குச் சீனியும் தேயிலையும் கொடுத்து வாங்குவது நல்ல வழக்கம். குளிசையை அந்தக் கணக்கில் சேர்க்க ஏலா.

சீனி வருத்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதை வைத்துத்தான் ஆட்கள் உசாராகி இனிப்பு வாயில் போடுவார்கள். இந்தக் குளிசை அந்த இரண்டு அறிகுறியையும் மூடிவிடும். வியர்வையை மூடாது. இன்சுலின் போடும் காத்தான்குடித் தோழி ஒருவர், என்னோடு படிப்பிக்கிறவர், நோன்பு காலத்தில் குளிர்ந்த வியர்வை வந்தால் யோசிக்காமல் சீனியை அளந்து பார்ப்பார். நோன்பு தொடங்குமுன்னே டொக்டரிடம் கேட்டு வைத்த ஏற்பாடு அது. அட்டெனலோல் போடுபவர்கள் சிறுநீரகத்தையும் இடைக்கிடை பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்து வெளியேறுவது சிறுநீரக வழியாகத்தான், அது பழுதானால் மருந்து உடம்பில் தேங்கும். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியிருக்கிற நிலையில் இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது.

வயற்காரருக்கு இன்னொன்று. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷமுறி ஏற்றுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் அந்த மருந்துக்கு உடம்பு ஒவ்வாமை காட்டுவது எங்கள் நாட்டில் அடிக்கடி நடப்பது. அப்போது உயிரைப் பிடித்து வைக்கிற ஊசி அட்ரினலின். பீட்டா புளொக்கர் போடுபவருக்கு அந்த ஊசி எதிர்பார்த்த அளவு எடுபடாமல் போகலாம், வேறு மருந்து தேவைப்படலாம். டொக்டருக்கு அது தெரியும், ஆனால் நீங்கள் போடும் குளிசை தெரிய வேண்டுமே. கடித்த பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக மினக்கெடுகிற நேரத்தில் கிளினிக் கொப்பியை எடுத்துப் போகலாம். அண்ணனின் கொப்பியைப் படமெடுத்து அவருடைய போனிலும் மகனின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயத்தை எழுதவா விடவா என்று யோசித்தேன். படுக்கையறை விஷயம். இதனால் குறைபாடு வருமென்று கேள்விப்பட்டுச் சத்தமில்லாமல் குளிசையை விட்டவர்கள் உண்டு. 2003இல் இத்தாலியில் 96 ஆண்களுக்கு அட்டெனலோல் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன மருந்து என்று சொல்லாமல் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு அந்தக் குறை வந்தது. மருந்தின் பெயரை மட்டும் சொன்னவர்களில் 16 பேருக்கு. பெயரோடு இந்தப் பக்கவிளைவையும் சொல்லிக் கொடுத்தவர்களில் 31 பேருக்கு. ஆக, இதை வாசித்ததால் யாருக்காவது வந்தால் பழி என் மேல்தான். உண்மையிலேயே வந்தால் டொக்டரிடம் சொல்லலாம், நெபிவோலோல் மாதிரி அந்தத் தொல்லை குறைந்தவையும் இருக்கின்றன. சொல்ல வெட்கப்பட்டு இதயக்காரர் ஒருவர் திடீரென்று குளிசையை விடுவதுதான் எனக்குப் பயம்.

ஊரில் அடிக்கடி காதில் விழும் சந்தேகம் ஒன்று: "எத்தனையோ வருசம் அட்டெனலோல் தந்தாங்க, இப்ப மாத்திட்டாங்க, நல்ல மருந்து முடிஞ்சுபோச்சாக்கும்." அப்படியில்லை. வெறும் பிரசருக்கு முதல் மருந்து என்ற இடத்திலிருந்து இந்தக் குடும்பம் இறங்கிவிட்டது. 2002இல் வந்த லைஃப் ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து வேறு குடும்பத்துப் பிரசர் குளிசையான லொசார்டானையும் அட்டெனலோலையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பிரசரை ஏறத்தாழ ஒரே அளவு இறக்கின. ஆனால் பக்கவாதம் வந்தது லொசார்டான்காரரில் நூற்றுக்கு 25 வீதம் குறைவு. 2006இல் பிரித்தானிய வழிகாட்டி பிரசருக்கான முதல் வரிசையிலிருந்து பீட்டா புளொக்கரை எடுத்துவிட்டது. பிரசரோடு நெஞ்சு நோவோ படபடப்போ இதயத் தளர்ச்சியோ இருப்பவருக்கு அது இன்னும் முன்வரிசை மருந்துதான். ஒரே குளிசை எனக்குத் தொடர, பக்கத்து வீட்டுக்காரருக்கு மாறியதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

இப்போது இன்னொரு பக்கத்தால் கேள்வி வந்திருக்கிறது. மாரடைப்பு வந்த எல்லோருக்கும் காலமெல்லாம் பீட்டா புளொக்கர் என்பது பல வருடம் கேள்வியில்லாத விதி. அடைப்பைக் கம்பிச் சுருள் வைத்துத் திறக்கும் வைத்தியம் வரும் முன்னே செய்த ஆய்வுகளை வைத்து எழுதிய விதி அது. 2024இல் சுவீடன் தலைமையில் வந்த ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகும் இதயம் நன்றாகச் சுருங்குகிற ஐயாயிரம் பேரைப் பார்த்தது. குளிசை போட்டவருக்கும் போடாதவருக்கும் மரணத்திலோ மறு மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2025இல் ஸ்பெயினிலிருந்து வந்ததும் ஏறக்குறைய அதையே சொன்னது. அதே வருடம் டென்மார்க்கும் நோர்வேயும் சேர்ந்து செய்ததில் குளிசைக்குக் கொஞ்சம் பயன் தெரிந்தது. இதயம் தளர்ந்தவர்கள் இந்த வாதத்துக்குள் வரவே மாட்டார்கள், அவர்களுக்கு வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற சேர் ஒருவர் இந்தச் செய்தியை எங்கோ பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். மாரடைப்பு வந்து சில வருடமாகிறது, நன்றாகத்தான் நடமாடுகிறார். "டீச்சர், அப்ப நான் இதை விட்டிடலாம் என்ன?" என்றார். உங்கள் இதயம் எவ்வளவு சுருங்குகிறதென்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். மாரடைப்பு வந்த கிழமை எடுத்த எக்கோதான், அதற்குப் பிறகு எடுக்கவில்லை என்றார். கிளினிக்கில் அந்தக் கேள்வியையே கேட்கச் சொன்னேன், கேட்டிருக்கிறார். டொக்டர் கோபப்படவில்லை. எக்கோவுக்குத் திகதி போட்டுக் கொடுத்து, அதைப் பார்த்துவிட்டுக் குறைப்பதா தொடர்வதா என்று பேசுவோம், அதுவரை காலையில் வழமைபோல ஒன்று போடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். திகதி அடுத்த மாதம்.